என்னைத் தெரிகிறதா?

(அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 1975ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மாணவர்கள், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடிய விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



நான் இந்தப் பள்ளியில் படித்தவன் இல்லை. நீங்கள் முடித்த அதே ஆண்டில் வேறோர் ஊரில் பதினோராம் வகுப்பு முடித்தவன். பிறகு நெடுங்காலம் கல்லூரியில் உளவியல் கற்பித்தேன். 'பழைய நினைவுகளைப் பற்றிப் பேசுங்கள்' என்று விழாக்குழுவினர் கேட்டிருந்தார்கள். என்ன பேசலாம் என்று குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் காலையில் பள்ளி வாசலில் பார்த்த ஒரு காட்சி, எங்கே தொடங்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிவிட்டது.

வேப்பமரத்தடியில் மேசை போட்டுப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற ஒருவரை, பின்னாலிருந்து வந்த இன்னொருவர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். "டேய், என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. கேட்கப்பட்டவரும் சிரித்தார். அவர் கண் மட்டும் அலைந்தது. நெற்றியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், சட்டைப் பையில் பெயர் எழுதிய அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். "தெரியாம என்ன... நம்ம..." என்று இழுத்தார். அதற்கு மேல் வரவில்லை. பிடித்திருந்த கை தளர்ந்தது. "மறந்துட்டே, இல்ல?" என்று ஒரு குரல், தணிந்து வந்தது.

மேசையில் எழுதிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. நோட்டைப் பார்த்தபடியே, "சைக்கிள் கடை வீட்டுப் பையன்தானே? உங்க கடை வண்டியிலதானே நாங்க எல்லாரும் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம்" என்றார்.

அவ்வளவுதான். வரிசையில் நின்றவர் வாயிலிருந்து பெயர் பாய்ந்து வந்தது. இனிஷியலோடு வந்தது. அப்பா பெயர் வந்தது. எந்தப் பெஞ்சு என்பது வந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்த அரை நிமிடத்தில் என்ன நடந்தது? இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அந்த அரை நிமிடத்தில் இரண்டு மனிதர்கள் கூனிக் குறுகிப் போனார்கள். ஒருவர், தான் மறக்கப்பட்டதாக நினைத்தார். இன்னொருவர், தான் நன்றி கெட்டவனாகிவிட்டதாக நினைத்தார். இரண்டுமே உண்மையில்லை. அவர் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் 'சைக்கிள் கடை' என்ற ஒரு சொல்லுக்கு அத்தனையும் எங்கிருந்து கொட்டும்?

ஒருவரை அடையாளம் காண்பது ஒரே நொடியில் நடக்கும் ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். அது மூன்று படியாக நடக்கிறது என்று 1986இல் விக்கி புரூஸ், ஆன்ட்ரூ யங் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் விளக்கினார்கள். முதல் படி, 'எங்கேயோ பார்த்த முகம்.' இரண்டாம் படி, 'இன்னார், இன்ன இடத்தில் பழகியவர்.' மூன்றாவதாகத்தான் பெயர். இந்த வரிசை மாறுவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் யங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 22 பேரிடம் ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்றாடம் ஆட்களை அடையாளம் காண்பதில் வரும் தடுமாற்றங்களை எல்லாம் அதில் குறித்துவைக்க வேண்டும். 'பார்த்த முகம், யாரென்று தெரியவில்லை' என்று பலமுறை எழுதினார்கள். 'யாரென்று தெரிந்தது, பெயர் வரவில்லை' என்றும் பலமுறை எழுதினார்கள். 'பெயர் வந்தது, ஆள் யாரென்றுதான் தெரியவில்லை' என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

நம் பேச்சு வழக்கே இந்தப் படிகளை அறிந்து வைத்திருக்கிறது. 'பார்த்த முகமா இருக்கே' என்கிறோம். பிறகு 'அட, நம்ம ஊர்க்காரர்' என்கிறோம். கடைசியில், 'பேரு தொண்டைக்குள்ளேயே நிக்குது, வெளியே வரமாட்டேங்குது' என்கிறோம். வாசலில் நின்றவர் முதல் படியில் இருந்தார். நண்பரோ மூன்றாம் படியில் நின்றுகொண்டு கூப்பிட்டார். நடுப்படியை எடுத்துப் போட்டவர், அந்த மேசையில் இருந்த அம்மா.

இனி ஐம்பது ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். நீங்கள் இந்த வாசலைத் தாண்டிப் போன அதே 1975ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளிப் படிப்பு முடித்த 392 பேரைச் சோதித்தார்கள். சிலர் முடித்துச் சில மாதங்களே ஆனவர்கள். சிலர் முடித்து நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆன முதியவர்கள். அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் படங்களோடு ஆண்டுமலர் உண்டு. அதிலிருந்து ஒரு முகத்தை எடுத்து, முன்பின் அறியாத முகங்களோடு கலந்து வைத்து, 'இதில் உங்களோடு படித்தவர் யார்?' என்று கேட்டார்கள். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னார்கள். பள்ளியை விட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆனவர்களும் ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் சரிவு தெரிந்தது. வகுப்பு சிறியதா பெரியதா என்பதும் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

அதே ஆட்களிடம் படமும் காட்டாமல், பெயர்ப் பட்டியலும் காட்டாமல், 'உங்களோடு படித்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள்' என்று கேட்டபோது நிலைமை வேறாக இருந்தது. மிகச் சில பெயர்களே வந்தன. படத்தைக் காட்டிப் பெயர் கேட்டபோதும் தடுமாறினார்கள். ஆனால் பெயரையும் படத்தையும் சேர்த்து வைத்து, 'எந்தப் பெயர் எந்தப் படத்துக்கு?' என்றால் சரியாகப் பொருத்தினார்கள். மூட்டை உள்ளே பத்திரமாக இருக்கிறது, அவிழ்ப்பதற்கு ஒரு நுனி வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஆகவே அறுபத்தாறு வயதில் வந்திருக்கும் உங்களில் யாரும், 'எனக்கு ஞாபகமே போச்சு' என்று மனம் தளர வேண்டாம்.

முகம் இவ்வளவு நாள் தங்குகிறது, பெயர் மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது? இதற்கும் அழகான ஒரு சோதனை உண்டு. ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது ரொட்டி சுடுபவருக்கும் பெயர், ஒரு குடும்பப் பெயரும் அதுவே. 1987இல் பிரிட்டனில் ஒரு குழுவினர், தெரியாத முகங்களைக் காட்டி, இவர் பெயர் இன்னது, தொழில் இன்னது என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். 'பேக்கர்' போன்ற சொற்களை ஒருமுறை தொழிலாகவும் ஒருமுறை பெயராகவும் கொடுத்தார்கள். தொழிலாகச் சொன்னபோது நினைவில் நின்ற அதே சொல், பெயராகச் சொன்னபோது நழுவிப் போயிற்று. தொழில் என்றால் அடுப்பு கண்முன் வருகிறது, மாவு வருகிறது, வாசனை வருகிறது. வெறும் பெயருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

நம் ஊர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. ஒரே தெருவில் நான்கு முருகேசன்கள் இருப்பார்கள். யாரும் குழம்பியதில்லை. டைலர் வீட்டு முருகேசன், மேலத்தெரு முருகேசன், தபால்காரர் மகன் முருகேசன், மொட்டை முருகேசன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கொக்கி மாட்டிவிட்டார்கள். தேங்காய்க்கடை பாய், பால்கார அக்கா, ரேடியோக்கடை அண்ணன், வாத்தியார் வீட்டம்மா என்றே நாம் வளர்ந்தோம். அவர்களில் பலருடைய சொந்தப் பெயர் நமக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர்கள் நடந்துவரும் ஓசைகூடத் தெரியும். பெயர் தெரியாதது அன்புக்குக் குறைவாக இருந்ததா? இல்லை. அந்த அடைமொழிதான் அன்பு வந்து உட்கார்ந்த இடம்.

பெயர் தானாக நிற்காது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒரு வீரனுக்கு எடுத்த கல். தீயன் அந்தவன் என்ற பெயர் அதில் இருக்கிறது. பிற்காலத்து நடுகற்களில் வாளும் வில்லுமாக வீரனின் உருவத்தைச் செதுக்கியிருப்பார்கள். இந்தக் கல்லில் உருவம் இல்லை. பெயரும் ஊரும் நிகழ்ச்சியும்தான். முகத்தைக் கண்டவர்கள் அவர்கள் வாழும் வரை மறக்க மாட்டார்கள் என்று எண்ணியிருக்கலாம். மனத்தில் நிற்காத பெயரைக் கல்லிடம் ஒப்படைத்தார்கள். வெறும் பெயரையும் ஒப்படைக்கவில்லை. எந்த ஊர், என்ன சண்டை என்ற கொக்கியையும் சேர்த்தே வெட்டினார்கள். ஈராயிரம் ஆண்டு கழித்து நாம் அந்த மனிதனைப் பற்றி இன்று பேச முடிவது அதனால்தான்.

முகமே மாறிவிட்டால் என்ன செய்வது? நளன் கதை உங்களுக்குத் தெரியும். கார்க்கோடகன் என்னும் நாகம் தீண்டி உருவம் மாறிப்போய், வாகுகன் என்ற பெயரில் ஒரு மன்னனிடம் தேரோட்டியாகவும் சமையற்காரனாகவும் இருக்கிறான். தமயந்தி அந்த முகத்தில் தன் கணவனைக் காண முடியாது. அவள் அவன் கையைப் பார்க்கிறாள். தேர் வந்த வேகத்தைக் கேட்கிறாள். அவன் சமைத்ததைக் கொண்டுவரச் சொல்லிச் சுவைக்கிறாள். பிள்ளைகளை அவன் பக்கத்தில் அனுப்பி, அவன் கண் கலங்குவதை அறிகிறாள். நல்ல சமையலுக்கு நளபாகம் என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண், தொலைந்துபோன கணவனை நாவால் அடையாளம் கண்ட கதை இருக்கிறது.

இதற்கு இணையான ஓர் உண்மை நிகழ்ச்சி பிரான்ஸ் நாட்டில் உண்டு. அர்த்திகா என்ற மலையடிவாரக் கிராமத்தை விட்டு மார்ட்டின் கெர் என்ற உழவர் ஓடிப்போகிறார். சில ஆண்டுகள் கழித்து, 1556இல் ஒருவர் வந்து 'நான்தான் மார்ட்டின்' என்கிறார். ஊர் நம்பியது. மனைவி ஏற்றார். மூன்று ஆண்டுகள் குடும்பம் நடத்தினார். பிறகு சந்தேகம் வந்து வழக்கானது. ஊரே இரண்டாகப் பிரிந்து சாட்சி சொன்னது. செருப்புத் தைப்பவர் வந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார்: மார்ட்டினின் பாதம் பெரியது, இவர் பாதம் சிறியது. முகத்தைப் பார்த்தவர்கள் குழம்பினார்கள். கால் அளவெடுத்தவர் குழம்பவில்லை. 1560இல் துலூஸ் நகர நீதிமன்றம் விசாரித்துக்கொண்டிருந்தபோதே, மரக்கால் ஊன்றியபடி உண்மையான மார்ட்டின் வந்து நின்றார். நாம் ஒவ்வொருவரும் எதன் வழியாகப் பழகினோமோ அதன் வழியாகவே நினைவில் வைக்கிறோம். தையற்காரருக்குத் தோள் அளவு, கணக்கு வாத்தியாருக்குக் கையெழுத்து, சத்துணவு அம்மாவுக்கு இரண்டாம் முறை தட்டை நீட்டிய கை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. வங்காளத்தில் பவால் என்றொரு ஜமீன். அதன் இரண்டாம் குமாரர் ராமேந்திர நாராயண் ராய், 1909ஆம் ஆண்டு மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. தகனமும் முடிந்ததாகச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1921இல், டாக்காவில் ஆற்றங்கரையில் திருநீறு பூசிச் சடைமுடியோடு ஒரு சந்நியாசி வந்து உட்கார்ந்தார். வங்காளி பேசவில்லை, இந்தி பேசினார். பார்த்தவர்கள், 'இது நம் குமாரர் மாதிரி இருக்கிறதே' என்றார்கள். அக்கா ஜோதிர்மயி தேவி அவரை வீட்டுக்கு அழைத்து வரச் செய்து, சாப்பிடும்போது கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். 'இவன் என் தம்பிதான்' என்றார். கூடியிருந்த குடிகள் அவரிடம், 'உன்னைப் பாலூட்டி வளர்த்த செவிலியின் பெயர் என்ன?' என்று கேட்டார்கள். அவர் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆனால் மனைவி விபாவதி தேவி, 'இவர் என் கணவர் இல்லை' என்றார். கடைசி வரை அந்தச் சொல்லிலிருந்து மாறவில்லை. வழக்கு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். கணுக்காலில் இருந்த தழும்பு, பாதத்தின் செதில் தோல் என்று உடம்பில் ஒவ்வொரு அடையாளமும் விசாரிக்கப்பட்டது. 1936இல் நீதிபதி பன்னாலால் பாசு சந்நியாசிதான் குமாரர் என்று தீர்ப்பளித்தார். 1940இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதி செய்தன. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் காலமானார்.

சட்டம் என்ன முடிவு செய்தது என்பதைவிட எனக்கு இதில் மனத்தைத் தைப்பது வேறு. ஒரே முகத்தை அக்கா பார்த்தார், மனைவியும் பார்த்தார். அடையாளம் காண்பதில் கண்ணுக்கு ஒரு பங்கு, மனத்துக்கு ஒரு பங்கு. வரவேற்கக் காத்திருக்கும் மனம் ஒரு தழும்பைப் பிடித்துக்கொண்டே ஆளை எட்டிவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்ட மனத்துக்கு முழு ஆள் எதிரே நின்றும் போதவில்லை.

1975 என்று சொன்னேன். அந்த ஆண்டில் 'நாளை நமதே' படத்தை இங்கே பலரும் டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். சிறு வயதில் பிரிந்த அண்ணன் தம்பிகளைக் குடும்பப் பாட்டு ஒன்று சேர்த்துவைக்கும். சினிமாவில்தான் இப்படி நடக்கும் என்று சொல்வோம். எட்டு ஆண்டு கழித்து, ஒரு நாடு முழுவதும் அதைக் கண்ணால் கண்டது.

கொரியப் போர் 1950 முதல் 1953 வரை நடந்தது. ஓடிய ஓட்டத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் சிதறின. அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். முப்பது ஆண்டு கழித்து, 1983 ஜூன் 30 அன்று, தென்கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி பிரிந்தவர்களைத் தேடும் நேரடி ஒளிபரப்பு ஒன்றை நடத்தியது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியாகத்தான் திட்டமிட்டார்கள். மக்கள் வந்து குவிந்தார்கள். நிறுத்த முடியவில்லை. நவம்பர் 14 வரை, 138 நாட்களில், 453 மணி 45 நிமிடம் ஒளிபரப்பானது. 53,536 பேர் நிகழ்ச்சியில் தோன்றினார்கள். 10,189 குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ 2015இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஐந்து வயதில் பிரிந்த தம்பிக்கு இப்போது முப்பத்தைந்து வயது. முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் ஓர் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு காமிரா முன் நின்றார்கள். தன் பெயர், பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், எங்கே எப்போது பிரிந்தோம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். தொலைக்காட்சி நிலையத்தின் சுவர் கொள்ளாமல் வெளித் திடல் வரை அட்டைகளை ஒட்டினார்கள். எங்கோ ஒரு வீட்டில் அதைப் பார்த்தவர் பதறி எழுந்து தொலைபேசியில் அழைத்தார். வேறு ஊர் ஸ்டூடியோவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கேட்டுக்கொண்டார்கள். 'உனக்கு அந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்குமே?' 'வீட்டில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவோம்?' பதில் வந்த நொடியில் ஐம்பது வயது ஆண்கள் தரையில் விழுந்து அழுதார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் அந்த அட்டைதான் என் கண்முன் நிற்கிறது. 'நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு நேரமில்லை. இருக்கிற அடையாளத்தை எல்லாம் எழுதி ஏந்திக்கொண்டு நின்றார்கள். அடையாளத்தைக் கேட்டவர்கள் இல்லை அவர்கள், கொடுத்தவர்கள். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

'என்னைத் தெரிகிறதா?' என்று நாம் கேட்பது அன்பினால்தான். 'உன் மனத்தில் எனக்கு இன்னும் ஓர் இடம் இருக்கிறதா?' என்ற ஏக்கம் அதற்குள் இருக்கிறது. ஆனால் கேட்கப்படுபவருக்கு அது பரீட்சை. அதுவும் புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்லும் பரீட்சை. ஆகவே கேட்காதீர்கள், நீங்களே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஆண்டைச் சொல்லுங்கள். கூடவே உங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். 'என்.சி.சி. கேம்ப்பில் உன் போர்வையை எடுத்துக்கொண்டது நான்தான்' என்று சொல்லுங்கள். பெயரை மறந்திருந்தாலும் அந்தப் போர்வையை அவர் மறந்திருக்க மாட்டார்.

இரண்டு பேரிடம் இதை மறக்காமல் செய்யுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒருவர், உங்கள் ஆசிரியர். பள்ளித் தோழர்களைப் பற்றி ஆராய்ந்த அதே பாரிக், 1984இல் கல்லூரி ஆசிரியர்களையும் சோதித்தார். தாம் கற்பித்த மாணவர்களின் முகம், சில ஆண்டுகளிலேயே அவர்களுக்கு மங்கிப் போயிருந்தது. அது பாசக் குறைவு இல்லை. உங்களுக்கு வாத்தியார்கள் பத்துப் பேர். அவருக்கு நீங்கள் ஆயிரங்களில் ஒருவர். அந்த ஆயிரம் முகங்களும் ஒரே வயதில், ஒரே சீருடையில், ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தவை. உங்களுக்கோ மீசை நரைத்துவிட்டது. முன்வரிசையில் இருக்கும் இந்தப் பெரியவர்களிடம் போய், 'சார், நான் யாருன்னு தெரியுதா?' என்று நிற்காதீர்கள்.

இன்னொருவர், முகமே பிடிபடாத மனிதர். மூளையின் அடிப்பகுதியில், முகங்களை அறிவதற்கென்றே ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதில் அடிபட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் முகம் மட்டும் தெரியாமல் போகும். தலையில் காயம்பட்ட போர்வீரர்களிடம் இதைக் கவனித்து, 1947இல் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மன் மருத்துவர் அதற்குப் பெயரிட்டார். காயம் ஏதுமில்லாமல் பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் உண்டு. நரம்பியல் மருத்துவரும் பெரிய எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ் அப்படிப்பட்டவராக இருந்தார். கடைத்தெருவில் உங்களைப் பார்த்தும் பாராமல் போகிறவர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். 'கண்டும் காணாத மாதிரி போறான், பணம் வந்ததும் திமிர்' என்று சொல்லியிருப்போம். அவர் கண்ணுக்கு உங்கள் முகம் தெரிந்ததா என்று நாம் ஒருபோதும் யோசித்ததில்லை. குரல் கொடுத்துப் பெயர் சொல்லிப் பாருங்கள். நின்று பேசுவார்.

நிறைவாக ஒன்று. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர் உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தெரியவந்தது. தொண்ணூறு வயதை நெருங்கியவர். தேடிப்பிடித்துப் போனேன். வாசலிலேயே அவர் மகள், "அம்மாவுக்கு இப்ப யாரையும் தெரியறதில்லைங்க. என்னையே சில நாள் யாருன்னு கேப்பாங்க. 'தெரியுதா, தெரியுதா'ன்னு கேட்டா மட்டும் ரொம்பப் பதறிடுவாங்க" என்றார்.

உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தேன். என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். ஊர், பள்ளிக்கூடம், எந்த வருஷம் என்று சொன்னேன். எதுவும் அவர் முகத்தில் அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிப்பார் போலிருந்தது. சொல்ல வேறொன்றும் இல்லாமல் அவர் மடியில் இருந்த கையின்மேல் என் கையை வைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். திருப்பினார். விரல்களை ஒன்றாகச் சேர்த்து நிமிர்த்தி, ஒவ்வொரு நகமாகக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தைத் தம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மற்றக் கைக்காகத் தம் கையை நீட்டினார்.

திங்கட்கிழமை தோறும் காலை வணக்கம் முடிந்ததும் எங்களை வரிசையில் நிறுத்தி நகம் பார்ப்பார் டீச்சர். அறுபது பிள்ளைகள். நூற்றிருபது கைகள். அந்தப் பழக்கம் அவர் பெயரை மறந்த பிறகும், மகளை மறந்த பிறகும் அந்த விரல்களில் இருந்தது. நான் இன்னான் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அவர் வகுப்புப் பிள்ளை என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது கையையும் நீட்டினேன். பார்த்து முடித்து, "ம், போ" என்றார். நல்லபடி வெட்டியிருந்தால் அப்படித்தான் சொல்வார்.

நண்பர்களே, சற்று நேரத்தில் சாப்பாட்டுப் பந்தி தொடங்கும். இலை போட்டதும் பக்கத்தில் வந்து உட்காருபவர் யாரென்று உங்களுக்கு உடனே தெரியாமல் போகலாம். முந்திக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எந்தத் தெரு, எந்தப் பெஞ்சு என்று சொல்லுங்கள். அவர் என்னவாக உங்கள் நினைவில் இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டாகத் தன்னை ஒருவர் சுமந்துகொண்டிருந்தார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவரும்.